லேபிள் வெட்டிய கையால் அக்காவுக்கு

என் அன்புக்கும் பயத்துக்கும் ஒருசேர உரிய அக்காவுக்கு,

உன் தங்கை வணங்கி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் கடிதம் வந்து நான்கு மாதமும் பதினோரு நாளும் ஆகின்றன. "குழந்தையை என்னிடம் அனுப்பு, இரண்டு வருஷம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு கூட்டிப் போ, யோசித்து ஒரு வாரத்தில் பதில் எழுது" என்று எழுதியிருந்தாய். நான் யோசிக்க ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் முடியுமா என்று என்னை வளர்த்த உனக்குத் தெரியாதா? போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நீ "என்னடி" என்பாய், நான் அழுவேன், நீயும் அழுவாய், அத்தான் போனை வாங்கி "என்னம்மா ஆச்சு, யாருக்கு என்ன?" என்று பதறுவார், கடைசியில் என்ன பேசினோம் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் கடிதம்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்புகிறோம். வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நீ வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாம். இந்த ஒரு வரியை எழுதத்தான் நான்கு மாதம் ஆனது. மற்ற வரிகள் எல்லாம் வேகமாக வரும், பார்.

இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் என் கல்லூரிப் பரீட்சையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிரிக்காதே. கடைசி வருஷப் பொருளாதாரத் தாளில் "வளரும் நாடுகளின் வளர்ச்சியிலும் ஏற்றத்தாழ்விலும் பன்னாட்டு வணிகத்தின் விளைவுகளை விவரிக்க" என்று ஒரு கேள்வி வந்தது. நான் பன்னிரண்டு பக்கம் எழுதினேன், கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினேன். ஏற்றுமதி பெருகினால் வேலை பெருகும், வருமானம் உயரும், ஆனால் அந்தப் பலன் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போய்ச் சேராது, இறக்குமதியோடு போட்டி போட முடியாத சிறு தொழில்கள் நசியும் என்றெல்லாம் எழுதி, இரண்டு வரைபடம் போட்டு, "சமமற்ற பங்கீடு" என்ற சொல்லுக்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன். இருபதுக்குப் பதினொன்றுதான் கிடைத்தது. எங்கள் விரிவுரையாளரிடம் போய் ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேம்மா, எடுத்துக்காட்டு ஒண்ணுகூட இல்லையே" என்றார். இப்போது அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் போதும், மிச்ச ஒன்பது மார்க்கையும் வாசலிலேயே போட்டுவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் எடுத்துக்காட்டு மட்டும்தான் இருக்கிறது, அக்கா. மேலே போகிற கோடு நான். கீழே போகிற கோடு இவர். இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் குழந்தை உட்கார்ந்திருக்கிறாள்.

நான் குழந்தை உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் சேர்ந்தபோது அது ஒரே ஒரு கொட்டகை. ஒன்றரை வருஷத்தில் மூன்று கொட்டகையானது. காலையில் கேட்டுக்குள் போகும் கூட்டத்தைப் பார்த்தால் ஏதோ ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள் என்று தோன்றும். என்னைப் படித்த பெண் என்று ஃபைனல் செக்கிங் மேசையில் போட்டார்கள். தைத்து வந்த சட்டையை இப்படியும் அப்படியும் புரட்டி, பிசிறு இருந்தால் கத்தரித்து, கறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி, நன்றாக இருந்தால் "பாஸ்" என்று தள்ளிவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்நூறு சட்டை. இதில் எனக்குக் கிடைத்த பெரிய வரம் சம்பளம் இல்லை, அங்கே இருந்த குழந்தைக் காப்பகம். எங்கள் முதலாளிக்குக் குழந்தைகள் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது என்று நினைக்காதே. சட்டையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர், அவரைப் பையர் என்பார்கள், காப்பகம் இருந்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டார். அதனால் ஒரு அறைக்குப் பச்சை வர்ணம் அடித்து, பொம்மை வாங்கி, ஒரு ஆயாம்மாவையும் போட்டார்கள். பொம்மைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டி, பையர் வரும் நாளில் மட்டும் திறப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. பையருக்கு வழுக்கை, அதனால் வழுக்கைத் தலையோடு யார் வாசலில் வந்தாலும் பொம்மை வரப்போகிறது என்று கை தட்டுவார்கள். கரண்ட் பில் கொடுக்க வந்தவருக்குக்கூட ஒரு தடவை தட்டினார்கள்.

அப்படி ஒரு தடவை பையர் வந்தபோது நம்ம வீட்டு மகாராணி என்ன செய்தாள் தெரியுமா? அவர் குனிந்து அவள் கன்னத்தைத் தட்ட, அவள் தன் கவுன் பையிலிருந்து, அவள் அப்பா பட்டறையில் செய்த சீப்பு ஒன்றை எடுத்து, அந்த முழு வழுக்கை மனிதர் கையில் கொடுத்துவிட்டாள். மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. பையர் சிரித்து, சீப்பைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு போனார். சாயங்காலம் இதை நான் வீட்டில் சொன்னதும் இவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"கொண்டே போயிட்டாரா?"

"ஆமாங்க, பையில குத்திக்கிட்டே போயிட்டாரு."

"அப்ப என் சீப்பும் கடல் தாண்டிடுச்சு. நானும் எக்ஸ்போர்ட்டர்தான்டி!"

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அக்கா, அந்த வருஷம் அவருடைய பட்டறையிலிருந்து தெருமுனையைத் தாண்டிய சீப்பே குறைவு. இதை உனக்கு நான் இதுவரை எழுதவில்லை. எங்கள் கல்யாணத்தின்போது அவரிடம் மூன்று மெஷின், ஆறு ஆள். பிளாஸ்டிக் குருணையை உருக்கி அச்சில் ஊற்றிச் சீப்பாக எடுப்பார்கள். இந்த வட்டாரத்தில் தலை சீவிய பாதிப் பேர் அவர் சீப்பால்தான் சீவினார்கள். பிறகு ஒரு நாள் கடைகளில் வெளிநாட்டுச் சீப்பு வந்து இறங்கியது. ஒரு பாக்கெட்டில் ஆறு சீப்பு, கூடவே ஒரு குட்டிக் கண்ணாடி, இரண்டு கிளிப். எல்லாம் சேர்த்து இவருடைய ஒற்றைச் சீப்பின் விலை. இவர் ஒரு பாக்கெட் வாங்கி வந்து, ஒன்றை உடைத்துக் காட்டுகிறேன் என்று வளைத்தார். வளைந்தது, உடையவில்லை. இன்னும் வளைத்தார். வட்டமாகி, மறுபடி நிமிர்ந்து நின்றது. "நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்றார். எதிராளியின் சரக்கைத் திட்டக்கூடத் தெரியாத மனுஷனுக்கு என்னைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். இப்போது ஒரு மெஷின், ஆள் அவர் ஒருவர்தான். விற்காத சீப்பெல்லாம் வீட்டில். கட்டிலுக்கடியில் சீப்பு, அரிசி டின் பக்கத்தில் சீப்பு. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறோமோ இல்லையோ, சீப்புக் கொடுத்துவிடுகிறோம்.

வீட்டுக்கார மனிதரோ எங்கள் குடும்பத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். வாடகை ஏற்றும்போது, "எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலை பாக்கறீங்க, இதெல்லாம் உங்களுக்கு ஒரு காசா?" என்பார். குழாய் ஒழுகுகிறது, சரி பண்ணிக் கொடுங்கள் என்றால், "சீப்பு வியாபாரம் பண்றவங்களுக்கு இதுவே அதிகம்" என்பார். கம்பெனி மூன்று கொட்டகை ஆனதில் இந்தத் தெருவில் எல்லா வாடகையும் ஏறிவிட்டது. கம்பெனிக்குள் இருப்பவர்கள் எப்படியோ கொடுக்கிறோம். எதிர் வீட்டில் இருந்த செருப்புத் தைப்பவர் கொடுக்க முடியாமல் ஊரின் கடைசிக்கே போய்விட்டார். அவருக்கு வெளிநாட்டுச் செருப்பு, இவருக்கு வெளிநாட்டுச் சீப்பு. தலையிலிருந்து கால்வரை எங்கள் தெருவுக்கு அடி.

இவர் இன்னும் தினமும் காலை எட்டு மணிக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போகிறார். ஒரு நாள் எனக்கு அரை நாள் லீவு, சாப்பாடு எடுத்துக்கொண்டு நானே போனேன். வெளியே நின்று கேட்டேன், சத்தமே இல்லை. கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கினேன். அந்தச் சத்தம் கேட்ட மறுநொடி உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "என்ன, இன்னைக்கு வேலை நெருக்கடியா?" என்று கேட்டேன். "ஆமாமா, மூச்சு விட நேரமில்லை" என்றார். மேசையில் செய்தித்தாள் வரி விளம்பரம்வரைக்கும் படித்து மடித்து வைத்திருந்தது. இதை நீ அத்தானிடம்கூடச் சொல்லக் கூடாது.

இனி லேபிள் கதைக்கு வருகிறேன். கம்பெனியில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு "கத்தரி" என்றே பேர் வந்துவிட்டது. அன்று குழந்தைக்குக் கழுத்தின் பின்னால் சொறி. சட்டை லேபிள் குத்திக் குத்திச் சிவந்து போயிருந்தது. காப்பகத்தில் விடும்போது, "அம்மா, குத்துது, அம்மா, குத்துது" என்று அழுதாள். விட்டுவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு வந்தவை மஞ்சள் சட்டைகள், இரண்டிலிருந்து மூன்று வயதுக்கு உரியவை, நம்ம குட்டியின் அளவு. நெஞ்சில் ஏதோ ஒரு மிருகத்தின் படம். கழுத்தில் லேபிள், அதில் எந்த நாட்டில் செய்தது, எத்தனை பங்கு பருத்தி, எப்படித் துவைக்க வேண்டும் என்று ஏழு மொழியில் எழுதியிருந்தது. மூன்று வயதுக் கழுத்தில் ஏழு மொழி! தொட்டுப் பார்த்தேன், அட்டை மாதிரி இருந்தது. கையில் கத்தரி இருந்தது. மனசு காப்பகத்தில் இருந்தது. கை அதுபாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தது, அக்கா. புரட்டினேன், பார்த்தேன், பிசிறை வெட்டினேன், லேபிளை வெட்டினேன், பாஸ் என்று தள்ளினேன். வீட்டில் குழந்தைக்குப் புதுச் சட்டை போடும்போது எப்படிச் செய்வேனோ அப்படியே. மூன்று மணி டீ இடைவேளைக்கு மணி அடித்தபோது அறுநூற்றுப் பன்னிரண்டு சட்டை முடித்திருந்தேன். அவ்வளவு வேகமாக நான் என்றுமே செய்ததில்லை.

எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பேர் "பத்து நிமிஷம்". எதைக் கேட்டாலும் இன்னும் பத்து நிமிஷம் என்பாள். அவள் வந்து என் காலடியைப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"லேபிளுங்க."

"அது தெரியுது. சட்டையில இருக்க வேண்டியது தரையில ஏன் கிடக்கு?"

"குத்துங்க."

"யாரை?"

"குழந்தையை."

"எந்தக் குழந்தையை?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், பேர் தெரியாத ஊரில், இந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொள்ளப் போகிற யாரோ ஒரு குழந்தை. அதற்கும் ஒரு அம்மா இருப்பாள், அதுவும் "குத்துது" என்று அழும், அவளும் கத்தரியைத் தேடுவாள். நான் வெட்டிவிட்டால் அவளுக்கு ஒரு வேலை மிச்சம்தானே? இதை நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "பத்து நிமிஷம்" என்னைப் பத்து நிமிஷம் பார்த்தாள்.

மேனேஜர் அறைக்குப் போனால் அவர் ஒரு சட்டையை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"எந்த நாட்டுல பண்ணினதுன்னு எழுதலேன்னா துறைமுகத்தையே தாண்டாதும்மா. பாஸ்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு பிளேன்ல ஏத்தச் சொன்னா ஏத்துவானா?"

"மறுபடி தைச்சுடலாங்க."

"லேபிளை அவன் எண்ணிக் குடுத்திருக்கான். கூட ஒண்ணுகூட இல்ல. லாரி இன்னைக்குச் சாயங்காலம் கிளம்புது. படிச்ச பொண்ணுன்னுதானே உன்னை ஃபைனல்ல போட்டேன்! என்ன படிச்சே?"

"பொருளாதாரம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை. திறந்ததும் மூன்று வாரம் வீட்டில் இரு என்றார், சம்பளம் இல்லாமல்.

கப்பல் ஏறாத சட்டைகளைக் கழிவுச் சரக்கு வாங்கும் ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்து, வேனில் கொண்டுவந்து, வேறெங்கும் இடம் கிடைக்காத மாதிரி எங்கள் தெருமுனையிலேயே விற்றான். மலிவு என்றால் அப்படி ஒரு மலிவு. இரண்டே நாளில் தெருவில் நடக்கிற, தவழ்கிற, ஓடுகிற பிள்ளை அத்தனையும் மஞ்சள். வீட்டுக்காரரின் பேரன் மஞ்சள், குப்பை அள்ள வருகிற அம்மாவின் பையன் மஞ்சள், இஸ்திரிக்காரரின் இரட்டைப் பிள்ளைகள் மஞ்சள், நம்முடையதும் மஞ்சள். நெஞ்சிலிருக்கும் மிருகம் எது என்று பெரிய சண்டை வேறு. இஸ்திரிக்காரர் கரடி என்றார், வீட்டுக்காரர் பெருச்சாளி என்றார், இவர் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்து, "எதுவா இருந்தாலும் தலை சீவாத மிருகம்" என்றார். ஒரு நாள் வீட்டுக்காரர் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பேரனைத் தூக்கி, மூக்கைத் துடைத்து, பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, கொஞ்சிக்கொண்டே பாதி வழி போன பிறகுதான் முகத்தைப் பார்த்தார். அது குப்பை அள்ளும் அம்மாவின் பையன். பிஸ்கட்டைத் திருப்பி வாங்கவும் முடியவில்லை, பிள்ளையை இறக்கி விடவும் மனசில்லை போலும், கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே நின்றார். அந்த மூன்று வாரம் எங்கள் தெருவில் மூன்றடி உயரத்துக்குக் கீழே ஏற்றத்தாழ்வே கிடையாது, அக்கா. நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷமாக ஒரு நாளைக்கு ஐந்நூறு சட்டை பார்க்கிறவள் நான். உள்ளே குழந்தையோடு ஒன்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு பிள்ளையும் கழுத்தைச் சொறியவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போனால் கம்பெனி வேறு மாதிரி இருந்தது. வழுக்கைத் தலைப் பையர் ஆர்டரை வேறு ஒரு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே தையல் கூலி எங்களைவிடக் குறைவாம். என் லேபிளால்தான் போய்விட்டார் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜரிடமே போய்க் கேட்டேன். "உன் அறுநூறு சட்டைக்காக அவன் நாடு மாறுவானாம்மா? ஒரு சட்டைக்கு ஒரு டீ செலவு மிச்சமாகுது, அதுக்கு மாறுவான்" என்றார். ஆறுதலா அவமானமா என்று தெரியவில்லை. மூன்றாவது கொட்டகையைப் பூட்டினார்கள், நாற்பது பேர் வீட்டுக்குப் போனார்கள். மிச்சம் இருப்பவர்கள் இரண்டு ஆள் வேலையைச் செய்வதால் எனக்குச் சம்பளம் கூடியது! போனவர்களின் டிபன் பாக்ஸ் வைக்கும் அலமாரியைக் கடந்துதான் நான் கூடுதல் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடப் போனேன். பரீட்சையில் அடிக்கோடு போட்டேனே சமமற்ற பங்கீடு என்று, அந்தச் சொல்லுக்கு அன்றுதான் அர்த்தம் தெரிந்தது.

அந்த இன்னொரு நாட்டில் என் மேசையில் இப்போது ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளைத் திட்ட எவ்வளவோ முயன்று பார்த்தேன், முடியவில்லை. புது வேலை கிடைத்த அன்று நான் சிரித்த மாதிரிதான் அவளும் சிரித்திருப்பாள். அவளுடைய பிள்ளைக்கும் ஒரு பச்சை அறை கிடைத்திருக்கும். பொம்மைப் பீரோவை மட்டும் அங்கேயாவது தினமும் திறக்கட்டும்.

ஏனென்றால் எங்கள் பச்சை அறையை மூடிவிட்டார்கள். அதைக் கேட்டது அந்தப் பையர்தான். புதுப் பையர் கேட்கவில்லை. இப்போது அங்கே அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறது. ஆயாம்மா பேரனைப் பார்க்க மகன் ஊருக்குப் போய்விட்டாள். நான் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டேன். அந்த அம்மாள் ஒரு வாரம் பார்த்தாள், இரண்டாம் வாரம் அவளுக்கே தையல் வேலை வந்துவிட்டது. ஒரு நாள் வேறு வழியில்லாமல் செக்கிங் மேசைக்கடியில் துணி விரித்து உட்கார வைத்தேன். சத்தமே போடவில்லை. எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கையில் கிடைத்த சிவப்பு ரிஜெக்ட் ஸ்டிக்கர்களைத் தன் முட்டியில் ஒட்டி, என் செருப்பில் ஒட்டி, குனிந்து எதையோ எடுத்த "பத்து நிமிஷம்" முதுகிலும் ஒன்றை ஒட்டிவிட்டாள். அவள் முதுகில் ரிஜெக்ட்டோடு இரண்டு கொட்டகையும் சுற்றி வந்து, மேனேஜர் முன்னாலும் போய் நின்றாள். திரும்பி வந்து, மேசைக்கடியில் குனிந்து பார்த்து, என்னை ஒன்றும் சொல்லாமல் குழந்தையை மட்டும் கேட்டாள்: "ஏண்டி, நான் ரிஜெக்டா?" குட்டி, "ஆமா" என்றாள். அவள் சிரித்துவிட்டாள். ஆனாலும், "இன்னொரு தடவை கூட்டிட்டு வந்தா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும்மா" என்று மெதுவாகச் சொன்னாள். அவளும் இரண்டு பிள்ளை பெற்றவள்தான்.

அவள் அப்பாவிடமே விடலாமே என்று நீ கேட்பாய். கேட்க முடியாது, அக்கா. "நீங்க வீட்டுல இருந்து குழந்தையைப் பாத்துக்கங்க" என்று நான் சொன்னால், பட்டறை முடிந்துபோய்விட்டது என்று நானே சொன்ன மாதிரி. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் மெஷினைப் போடுகிறவரிடம் அதை எந்த வாயால் சொல்வது? அவருக்காக நான் நம்புகிற மாதிரி இருக்கிறேன், எனக்காக அவர் ஓட்டுகிற மாதிரி இருக்கிறார். அதனால்தான் குழந்தை உன்னிடம் வருகிறாள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் நல்லது என்றுதான் அவரிடம் காரணம் சொன்னேன். "சரி" என்றார்.

நீ எங்களுக்குச் செய்வதற்கெல்லாம் என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. அத்தானுக்கு என் வணக்கம், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கச் சொல். உங்கள் இருவருக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் குறையாமல் இருக்கட்டும். குட்டி உனக்கு ஆறு முத்தம் கொடுக்கச் சொன்னாள், அவளுக்கு ஆறுவரைதான் எண்ணத் தெரியும்.

என்றும் உன் கைக்குள் வளர்ந்த,
தங்கை

பின்குறிப்பு: குழந்தையைப் பற்றிச் சில சின்ன விஷயங்கள். பால் ஆறியிருக்க வேண்டும், ஆனால் ஆடை படியக் கூடாது. தூங்கும்போது என் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், நீ தோட்டைக் கழற்றி வைத்துவிடு, இல்லையென்றால் உனக்குக் குத்தும். இடது காது. வலது காதைக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாள். பயந்தால் அழமாட்டாள், விக்கல் எடுக்கும். விக்கல் என்று தண்ணீர் கொடுக்காதே, தூக்கிக்கொள். தலை சீவ அப்பா வேண்டும், நான் சீவினால்கூட ஒத்துக்கொள்வதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனியில் சங்கு ஊதும். காப்பகம் மூடியதிலிருந்து, அந்தச் சத்தம் கேட்டதும் எந்த வீட்டில் இருந்தாலும் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி நிற்பாள், அம்மா வருவாள் என்று தெரியும். உங்கள் ஊரில் சங்கு இல்லையே. ஆறு மணி ஆனது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் போனால் எத்தனை மணியிலிருந்து வாசலில் நிற்பாள்? நீ என்ன சொல்லி உள்ளே கூப்பிடுவாய்?

இதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், கடிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். வந்து பார்த்தால் இவர் கையில் கடிதம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டார். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று நான் ஆரம்பித்தேன். காதிலேயே வாங்கவில்லை.

"தாழ்ப்பாள் சத்தம் கேட்டுத்தான் மெஷினைப் போட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

நான் குடத்தை இறக்கி வைத்தேன்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் வேலை நெருக்கடியான்னு கேட்டியா?"

"நீங்கதான் நேரமில்லைன்னீங்க."

கொஞ்ச நேரம் காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"உங்க அக்காவுக்கு ஒம்பது பக்கம் எழுதத் தெரியுது. பக்கத்துல படுத்திருக்கிறவன்கிட்ட, குழந்தையைப் பாத்துக்கறியான்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையாடி?"

"கேட்டா நீங்க..."

"நான் என்ன? அழுவேனா? அழுதா அழுதுட்டுப் போறேன். அதுக்காகப் பிள்ளையை ஊர் மாத்துவியா?"

அழவும் செய்தார், அக்கா. நானும். குட்டிக்கு விக்கல் எடுத்துவிட்டது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்கப் போய் முட்டிக்கொண்டோம். இனி காலையில் இரண்டு மணி நேரம், நான் கிளம்புவதற்கு முன்னால் மெஷினை ஓட்டிவிட்டு வந்துவிடுவாராம். "வாங்கறவனுக்கு அதுவே அதிகம்" என்றார். அவர் வாயாலேயே சொன்னார். இனி எங்கள் வீட்டில் ஏற்றுமதி சம்பாதிக்கும், இறக்குமதி குழந்தை வளர்க்கும். என் விரிவுரையாளர் இதை எந்த வரைபடத்தில் போடுவார் என்று தெரியவில்லை.

ஆகவே மேலே ஒன்பது பக்கம் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு மறந்துவிடு. குழந்தையை அனுப்பவில்லை. போன வாரம் அத்தான் போட்ட கார்டில் குட்டிக் கட்டில் வாங்கியாயிற்று என்று எழுதியிருந்ததைப் பார்த்ததிலிருந்து அந்தக் கட்டில்தான் என் கண்ணில் நிற்கிறது. கோபித்துக்கொள்ளாதே. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வரத்தான் வேண்டும், ஆனால் கூட்டிக்கொண்டு போக இல்லை, இருக்க வா. ஒரு மாதம் இரு. கட்டில் விற்கக் கூடாது, வருஷ லீவில் மூன்று பேரும் வந்து அதில் ஒருவரைப் படுக்க வைத்துவிட்டு மிச்ச இரண்டு பேர் தரையில் படுத்துக்கொள்கிறோம்.

நேற்றுதான் இந்த ஏற்பாட்டின் முதல் நாள். ஆறு மணிக்குச் சங்கு ஊதி நான் வெளியே வந்தால் கேட்டுக்கு எதிரிலேயே இவர், அத்தனை பெண்களுக்கு நடுவில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், தோளில் குழந்தை. என்னைக் கண்டதும் அவளை இறக்கி என் கையில் கொடுத்து, "பாத்து வாங்கிக்க. ஒரு பீஸ். டேமேஜ் இல்ல" என்றார். நான் வழக்கம்போல முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். பொத்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். முகத்தில் காய்ந்த பால். இடது காலில் செருப்பையே காணோம்.

பாஸ் பண்ணிவிட்டேன்.